உரிமமும் மேல்முறையீடும்: போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவுகளில் பயிர்க்காப்புத் துப்பாக்கியின் சட்ட வரலாறு (1801–2025)

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளையும் களமாகக் கொண்டு, துப்பாக்கி உரிமம் பெறுதல், உரிம நிபந்தனைகள், மறுப்பை எதிர்த்து மேல்முறையிடுதல் ஆகியவற்றின் சட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1801-ஆம் ஆண்டுப் பிரகடனம், 1878, 1959 ஆகிய ஆண்டுகளின் படைக்கலச் சட்டங்கள், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆகியன முதன்மைத் தரவுகளாகும். அரசின் அருளாக இருந்த உரிமம், காரணம் கேட்கவும் மேல்முறையிடவும் இடந்தரும் ஒன்றாக 1959-இல் மாறியது. ஆயினும் பயிர்க்காப்பு என்னும் நோக்கத்தை நிறைவேற்றும் அதிகாரம் பின்னர் வேறொரு சட்டத்துக்குச் சென்றுவிட்டமையால், மேல்முறையீட்டு உரிமை மலையடிவார உழவரைப் பொறுத்தவரை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: படைக்கலச் சட்டம், துப்பாக்கி உரிமம், பயிர்க்காப்பு, மேல்முறையீடு, போடிநாயக்கனூர், ஏலமலை, வன உயிரினப் பாதுகாப்பு.

1. முன்னுரை

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் அறியப்பட்ட நகரம். ஏலம் விளையும் மலையின் பெரும்பகுதி இன்று கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அதை வாங்கி விற்கும் வணிகரும், தோட்டம் உடையோரும், நாள்தோறும் மலையேறும் தொழிலாளரும் பெருமளவில் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வாழ்கின்றனர். போடி மெட்டு மலைப்பாதை இரு பகுதிகளையும் இணைக்கிறது. சரிவின் தமிழ்நாட்டுப் பகுதியில் காப்பி, மா, இலவம் முதலியன பயிராகின்றன. குரங்கணி, கொட்டகுடி போன்ற ஊர்கள் காட்டை ஒட்டியே அமைந்துள்ளன.

காட்டை ஒட்டிய வேளாண்மையில் பயிரைக் காப்பது உழவுத் தொழிலின் ஒரு பகுதி. பரண் கட்டிக் காவலிருத்தல், தகரம் தட்டுதல், தீப்பந்தம் ஏந்துதல், வெடி வெடித்தல், கவண் எறிதல் எனப் பல முறைகள் வழக்கில் உள்ளன. துப்பாக்கி இவ்வரிசையில் ஒன்றே எனினும், அரசின் எழுத்து மூல ஒப்புதல் இன்றி வைத்திருக்க இயலாத கருவி என்பதால் அதன் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. உழவருக்கும் அரசுக்கும் இடையே நிலவிய நம்பிக்கையின் அளவை அந்த ஒப்புதலின் வரலாறு காட்டுகிறது.

தமிழகத்தில் படைக்கலக் களைவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாளையக்காரர் போர்களுடன் நிறைவுறுகின்றன. அதற்குப் பிந்தைய உரிம முறையைச் சட்டத்துறையினர் நடைமுறைச் செய்தியாக மட்டுமே அணுகுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே நிலப்பரப்பில் வைத்துத் தொடர்ச்சியாக நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. சட்டப் பிரிவுகள், அரசின் பொது அறிவிப்புகள், பொதுவெளியில் பதிவான நிகழ்வுகள் ஆகியவற்றோடு ஆய்வு எல்லை வரையறுக்கப்படுகிறது. தனியாரின் உரிமக் கோப்புகள் எடுத்தாளப்படவில்லை.

2. பாளையத்திலிருந்து உரிமத்துக்கு

போடிநாயக்கனூர் மதுரை நாயக்கர் காலப் பாளையங்களுள் ஒன்று. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கும்பினியின் ஆட்சிக்கு வந்தபோது இப்பாளையமும் அதனுடன் வந்தது. பாளையக்காரர் ஆட்சியில் படைக்கலம் தாங்குதல் தனிமனித உரிமையாகவோ அரசு வழங்கும் அனுமதியாகவோ கருதப்படவில்லை. அது காவற்கடமையோடும் நிலத்தோடும் பிணைந்த ஒன்றாக இருந்தது.

1801-இல் மருது சகோதரர்கள் முதலானோர் தலைமையில் எழுந்த தென்னிந்தியக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். திண்டுக்கல், திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சீமைகளின் பாளையக்காரர்களையும் குடிகளையும் நோக்கி அமைந்த இப்பிரகடனம், படைக்கலங்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. நிலவரியை நிலையாக வரையறுப்பதாகவும் அதில் உறுதியளிக்கப்பட்டது. படைக்கலத்தைக் கைவிட்டால் நிலத்துக்கு உறுதி கிடைக்கும் என்னும் இப்பரிமாற்றமே பாளையக்காரரை ஜமீன்தாராக மாற்றியது. 1948-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும் வரை போடிநாயக்கனூர் ஜமீன் நிலைத்திருந்தது.

1801-ஆம் ஆண்டுப் பிரகடனம் தடையை விதித்தது. விண்ணப்பித்துப் பெறும் முறையை வகுக்கவில்லை. 1857-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் இயற்றப்பட்ட 1860-ஆம் ஆண்டுச் சட்டமும், லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டமுமே உரிம முறையை இந்தியா முழுமைக்கும் உரிய நிர்வாக நடைமுறையாக்கின.

3. 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் இரு அரசுகளின் எல்லையும்

1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு உரிமமின்றிப் படைக்கலம் ஏந்திச் செல்வதையும், 14-ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதையும் தடுத்தன. 27-ஆம் பிரிவு, எவருக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. இவ்வதிகாரத்தின் கீழ் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் முதலானோர் விலக்குப் பெற்றனர். இந்தியக் குடிகளுக்கோ விலக்கு என்பது பட்டம், பதவி ஆகியவற்றைச் சார்ந்த சிறப்புச் சலுகையாகவே இருந்தது.

இவ்வேறுபாட்டை இந்தியத் தேசியக் காங்கிரஸ் தன் தொடக்க ஆண்டுகளிலேயே கண்டித்தது. பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாட்டில் படைக்கலச் சட்டம் பற்றிய தீர்மானம் நிறைவேறியது. ஒருவருக்கு அல்லது ஒரு வகுப்பாருக்குப் படைக்கலம் மறுக்கப்படுமாயின் அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் அடுத்து வந்த மாநாட்டு விவாதங்களில் எழுந்தது. துப்பாக்கியைப் பெறுவதற்கு நிகராக, மறுப்புக்குக் காரணம் அறிவதும் அரசியல் கோரிக்கையாக உருப்பெற்றமை இங்குக் கருதத்தக்கது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம் மறுக்கப்பட்டவர் மேல்முறையிடுவதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. மறுப்பாணை பெற்றவர், ஆணையிட்ட அதிகாரிக்கு மேலுள்ளோரிடம் கருணை மனு அளிக்கலாமே தவிர, சட்டப்படியான முறையீடு செய்ய இயலாது.

போடிநாயக்கனூரில் இச்சட்டம் மற்றொரு சிக்கலையும் தோற்றுவித்தது. அந்நகரம் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. மேலேயுள்ள ஏலமலையோ திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் படைக்கலம் கொண்டுவருவதையும் வெளியே கொண்டுசெல்வதையும் சட்டத்தின் 6-ஆம் பிரிவு உரிமத்துக்கு உட்படுத்தியது. எனவே சட்டத்தின் நோக்கில், போடியிலிருந்து துப்பாக்கியோடு மலையேறி ஏலத்தோட்டத்துக்குச் செல்வது படைக்கல ஏற்றுமதியாகும். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியுடையவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் கொண்டுசெல்வதற்கு அப்பிரிவே விலக்களித்தது. ஆகவே உரிமம் உடையவருக்கும் இன விலக்குப் பெற்ற ஐரோப்பியத் தோட்டக்காரருக்கும் எல்லை எளிதாயிற்று. உரிமம் பெற இயலாத சிறு உழவருக்கு அவ்வெளிமை கிட்டவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் திருத்தப்பட்ட விதிகளில் இன அடிப்படையிலான விலக்கு கைவிடப்பட்டது. 1931-ஆம் ஆண்டுக் கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் பட்டியலிட்டது. எனினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் முன்மொழிந்தபோது அம்பேத்கர் அதனை எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆகவே விடுதலை பெற்ற இந்தியாவில் துப்பாக்கி வைத்திருத்தல் அடிப்படை உரிமையன்று. சட்டம் வகுக்கும் அளவிலான உரிமையே.

4. 1959-ஆம் ஆண்டுச் சட்டம்: காரணமும் முறையீடும்

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மலையடிவார உழவரை நேரடியாகத் தொடும் அதன் கூறுகள் நான்கு.

முதலாவது, பயிர்க்காப்புக்கான தனி ஏற்பாடு. 13-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, உண்மையான பயிர்க்காப்புக்காக, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. அவ்வகைத் துப்பாக்கி போதாது என உரிம அதிகாரி நிறைவடைந்தால், உட்குழல் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் விண்ணப்பிப்போருக்கு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்பான துப்பாக்கியைச் சட்டம் முதலிலேயே அனுமதிக்கிறது. உழவரோ ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுக் கெட்டிக்க வேண்டிய பழைய வகையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பயன்பாட்டின் தன்மையால் இவ்வேறுபாட்டை விளக்கலாம். ஆயினும் உழவரின் தேவையைக் கீழ்நிலையில் வைத்த பார்வையின் சுவடும் இதில் புலப்படுகிறது.

இரண்டாவது, விசாரணை முறை. 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிம அதிகாரி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் அறிக்கையைக் கோர வேண்டும். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிடில், தக்கதெனக் கருதினால் அதற்குக் காத்திராமலே ஆணையிடலாம். 21 வயது நிறைவடையாதோரும், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்று விடுதலையாகி ஐந்தாண்டு கடவாதோரும் 9-ஆம் பிரிவின்படி தகுதியற்றவராவர்.

மூன்றாவது, மறுப்பின் வரம்பு. 14-ஆம் பிரிவு மறுப்புக்குரிய காரணங்களை வகுக்கிறது. சட்டத்தடை, மனநலக் குறைபாடு, தகுதியின்மை, பொது அமைதி அல்லது பொதுப் பாதுகாப்பு ஆகியன அவை. போதிய சொத்து இல்லை என்னும் ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு மறுத்தல் கூடாது என அப்பிரிவின் 2-ஆம் உட்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. நிலக்கிழாருக்கு மட்டுமே துப்பாக்கி என்றிருந்த காலனியக்கால வழக்கத்துக்கு இது நேர்மாறானது. 3-ஆம் உட்பிரிவின்படி மறுப்புக்கான காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலனுக்கு ஊறு நேரும் எனக் கருதப்படும் நிலை தவிர, அவற்றின் சுருக்கமும் வழங்கப்பட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காங்கிரஸ் மேடைகளில் ஒலித்த கோரிக்கை இவ்வாறு சட்டமாயிற்று.

நான்காவது, மேல்முறையீடு. 18-ஆம் பிரிவின்படி உரிமம் வழங்கவோ புதுப்பிக்கவோ மறுக்கும் ஆணையையும், நிபந்தனையை மாற்றும், உரிமத்தை இடைநிறுத்தும் அல்லது நீக்கும் ஆணையையும் எதிர்த்து, விதிகளில் குறித்த அதிகாரியிடம் குறித்த காலத்துக்குள் முறையிடலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கால வரம்புக்குப் பின்னரும் மனு ஏற்கப்படலாம். மனுதாரருக்குத் தம் தரப்பை எடுத்துரைக்க நியாயமான வாய்ப்பளித்த பின்னரே முறையீடு முடிவு செய்யப்பட வேண்டும். அரசே இட்ட ஆணைக்கும் அரசின் பணிப்பால் இடப்பட்ட ஆணைக்கும் இவ்வழி இல்லை. முறையீட்டு முடிவில் நிறைவடையாதவருக்கு அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி உண்டு.

இவ்வமைப்பில் காரணச் சுருக்கத்தைக் கேட்டுப் பெறுதல் முதன்மையான படியாகும். மறுப்பு எக்காரணத்தின்மேல் நிற்கிறது என அறியாமல் எழுதப்படும் முறையீடு, மறுப்பாணையின் உள்ளீட்டைத் தொடாமலே முடிந்துவிடும். 'பொது அமைதி' என்பது தனியொருவரின் நடத்தையைக் குறிக்கிறதா, ஊரின் பொதுநிலையைக் குறிக்கிறதா என்னும் வினா போடிநாயக்கனூர் போன்ற இடங்களில் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1989-இல் போடியிலும் சுற்றூர்களிலும் நிகழ்ந்த சாதிக் கலவரத்தை நினைவிற்கொள்ளும் நிர்வாகம் துப்பாக்கி எண்ணிக்கையைக் குறைக்க விழைவது இயல்பு. அவ்விழைவை ஒரு தனி விண்ணப்பதாரரின் மேல் எந்த அளவுக்கு ஏற்றலாம் என்பதை ஆராயும் இடமே மேல்முறையீடு.

5. உரிமத்துக்கு அப்பால்: வன உயிரினச் சட்டம்

1959-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, பயிர்க்காப்புத் துப்பாக்கியின் நோக்கம் ஐயத்துக்கு இடமற்றதாக இருந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்நிலையை அடியோடு மாற்றியது. வேட்டை பொதுவாகத் தடை செய்யப்பட்டது. முதல் அட்டவணையில் சேராத விலங்கு உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஊறு விளைவிப்பதாக இருந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலர் காரணங்களைக் குறித்து எழுத்து மூலம் அனுமதிக்கலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வது குற்றமாகாது எனவும் அப்பிரிவு கூறுகிறது. இவ்விலக்கு மனித உயிரோடு நின்றுவிடுகிறது. பயிரைக் காப்பதற்கு முன்னனுமதி தேவை. முதல் அட்டவணையில் உள்ள யானையைப் பொறுத்தவரை பயிர்ச்சேதம் ஒரு காரணமே ஆகாது.

1991-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனினும் நேரடியாக உரிம முறையைத் தொட்டது. 34-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட 3-ஆம் உட்பிரிவின்படி, சரணாலயத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவின்றிப் புதிய துப்பாக்கி உரிமம் வழங்குதல் கூடாது. 35-ஆம் பிரிவின் வழி இவ்விதி தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். இதன்பின் ஏலமலைத் தொடரிலும் அதன் அண்மையிலும் காப்பிடங்கள் பெருகின. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை ஆகியன 2003-இல் தேசியப் பூங்காக்களாயின. குறிஞ்சிமலைச் சரணாலயம் 2006-இலும் மேகமலைச் சரணாலயம் 2009-இலும் அமைந்தன. இவற்றுள் முதல் மூன்றும் கேரளத்தில் உள்ளவை. கேரளப் பூங்காவிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அமையும் தமிழ்நாட்டுச் சிற்றூரின் விண்ணப்பத்துக்கு எம்மாநிலக் காப்பாளரின் இசைவு தேவை என்பதைப் பிரிவின் சொற்கள் வெளிப்படையாக விளக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. திருவிதாங்கூர் எல்லை மறைந்து மாநில எல்லை வந்தது. உரிமம் செல்லுபடியாகும் நிலப்பரப்பு உரிமத்திலேயே குறிக்கப்படுவதால், போடியில் வாழ்ந்து இடுக்கியில் தோட்டம் வைத்திருப்பவர் தம் துப்பாக்கியை மேலே கொண்டுசெல்ல அதற்கேற்ற பரப்பு அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். விலங்குகளுக்கோ எல்லை இல்லை. சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட 'அரிக்கொம்பன்' யானை, மே மாதம் கம்பம் நகருக்குள் வந்ததும், ஜூன் மாதம் தமிழ்நாடு வனத்துறையால் மீண்டும் பிடிக்கப்பட்டதும் இதற்குச் சான்று.

அண்மைக்கால அரசாணைகள் இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கின. காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சி அமைப்புகளின் தலைமைக்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கி உடையோர் அப்பணிக்கு அழைக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட முறை வேறானது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். ஆக, ஒரே மலையின் மேற்புறத்தில் உரிமதாரரின் துப்பாக்கிக்குப் பொதுப்பணி ஒன்று உண்டு. கீழ்ப்புறத்தில் 'பயிர்க்காப்பு' என்னும் சொல் உரிமத்தில் மட்டுமே எஞ்சுகிறது.

6. விவாதம்

இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் காண்பது பொருந்தாது. பயிர்க்காப்பின் பெயரால் பெறப்பட்ட துப்பாக்கி வேட்டைக்குப் பயன்பட வாய்ப்புண்டு. சோலைக்காடுகளின் அழிவு ஏலத்தோட்டங்களின் நீர்வளத்தையே பாதிக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையை இரண்டு முதல் ஐந்தாண்டு வரை உயர்த்தியதும் பொதுப் பாதுகாப்பை முன்னிறுத்தியவை. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது.

இங்கு எழுப்பப்படும் வினா, துப்பாக்கிகள் பெருக வேண்டுமா என்பதன்று. மறுக்கப்படும் உழவருக்குக் காரணமும் செவிசாய்ப்பும் கிடைக்கின்றனவா என்பதே. படைக்கலச் சட்டத்தின் கீழ் மறுக்கும் மாவட்ட ஆட்சியர் காரணம் பதிய வேண்டும். அதன்மீது முறையீடு உண்டு. வன உயிரினச் சட்டத்தின் கீழ் இசைவு மறுக்கப்படுமாயின், அந்த 34-ஆம் பிரிவுக்குள்ளோ, பயிர்ச்சேதத்துக்கு அனுமதி பற்றிய 11-ஆம் பிரிவுக்குள்ளோ மேல்முறையீட்டு ஏற்பாடு கூறப்படவில்லை. இசைவு இல்லை என்பதாலேயே ஆட்சியர் மறுக்கும்போது, மேல்முறையீட்டு அதிகாரியால் அவ்விசைவின்மையைத் தாண்டிச் செல்வது அரிது. எஞ்சுவது உயர் நீதிமன்றம். போடி மலைச்சரிவில் சில ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது தொலைவும் செலவும் மிக்க வழி.

குடகோடு ஒப்பிட்டால் இந்நிலை மேலும் தெளிவாகும். குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நிலவுடைமையாளருக்கும் காலனியக் காலத்தில் அளிக்கப்பட்ட விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியில் நிலவுடைமை மரபும் விசுவாசமும் விலக்காக நிலைபெற்றன. அதே மலைத்தொடரின் தென்பகுதியில் 1801-ஆம் ஆண்டின் எதிர்ப்பு படைக்கலக் களைவாக முடிந்தது. இரு நூற்றாண்டுக்கு முந்தைய அரசியல் முடிவுகளின் நிழல் இன்றைய உரிமப் பதிவேடுகளில் படிந்திருப்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

7. முடிவுரை

போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவில் துப்பாக்கியின் சட்ட வரலாறு நான்கு கட்டங்களாக அமைகிறது. 1801-ஆம் ஆண்டுப் பிரகடனம் படைக்கலத்தைக் களைந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தை அரசின் அருளாக்கியது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் மறுப்புக்குக் காரணத்தையும் மேல்முறையீட்டையும் வழங்கியது. 1972-க்குப் பின், பயிர்க்காப்பு பற்றிய முடிவு அம்முறையீட்டுக்கு வெளியே சென்றது.

ஆகவே வனத்துறையின் இசைவு மறுக்கப்படும்போது அதன் காரணமும் எழுத்தில் பதியப்பட்டு விண்ணப்பதாரருக்கு வழங்கப்படுதல், அக்காரணத்தையும் சேர்த்து ஆராயும் அதிகாரம் மேல்முறையீட்டு அமைப்புக்கு அமைதல், மாநில எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு எக்காப்பாளர் பொறுப்பு என்பது தெளிவாக்கப்படுதல் ஆகிய மூன்றும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தை நிறைவு செய்வனவாக அமையும். ஆய்வாளர் நோக்கில், ஆட்சியர் அலுவலகங்களில் உள்ள மறுப்பாணைகளும் முறையீட்டு முடிவுகளும் தனியாள் விவரங்கள் நீக்கப்பட்டு ஆவணக் காப்பகத்துக்கு வர வேண்டும். மலையடிவார உழவர் அரசிடம் எதைக் கேட்டார், எதைக் காரணமாகப் பெற்றார் என்பதை அவருக்கும் அரசுக்கும் இடையே நேரடியாக எழுதப்பட்ட அவ்வாவணங்களே உரைக்கவல்லன.